தந்தையின் குலம்: கட்டாயம் நிரப்பவும்

கம்பாலாவுக்கு நான் போனது அலுவலக வேலையாக. மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைச் சோதிப்பது என் பிழைப்பு. படிவத்தில் உள்ள பெட்டிகளில் தப்பும் தவறுமாக நிரப்பிப் பார்த்து, அது எங்கே விழுகிறது என்று குறித்து வைப்பேன். இதற்குச் சம்பளம் தருகிறார்கள். கம்பாலாவில் ஒரு மருத்துவமனை அதை வாங்கியிருந்தது. ஞாயிறு முதல் சனிவரை அங்கே இருக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டார். பெரியப்பா ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பைத் தயார் செய்யத் தொடங்கினார்.

பெரியப்பாவின் மகன் லோகேஷ் அண்ணன் ஐந்து வருடங்களாகக் கம்பாலாவில் இருக்கிறான். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் மேற்பார்வையாளர். அங்கேயே நகாட்டோ என்கிற செவிலியரைத் திருமணம் செய்துகொண்டான். திருத்தணியில் யாராவது மருமகளைப் பற்றிக் கேட்டால் பெரியப்பா "நர்ஸு" என்பார். பொய் இல்லை. எந்த ஊர் என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் தன் நிலத்தில் மழை பெய்ததா என்ற பேச்சுக்குப் போய்விடுவார்.

அவர்களுக்கு வள்ளி என்று ஒரு பெண் குழந்தை. நான் போகிற வாரத்து வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு வயது முடிகிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்தால் அது இந்தியக் குடிமகள். ஒரு வருடம் தாண்டினால் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமையையும் கூடவே வைத்துக்கொள்ள முடியாது. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் வள்ளி எந்த நாட்டுக்காரி என்று முடிவாக வேண்டும். பதினொரு மாதங்களும் சில்லறை நாட்களும் அண்ணன் இதைத் தள்ளிப்போட்டிருந்தான்.

புறப்படும் முன் பெரியப்பா என்னை மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனார். அர்ச்சனைச் சீட்டை நீட்டினோம்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ. கோத்திரம்?" என்றார் அர்ச்சகர்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போடுங்க சாமி. உங்களுக்குத் தெரியாததா," என்றார்.

"சிவ கோத்திரம்," என்று சொல்லிவிட்டு அர்ச்சகர் மந்திரத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்கும் சிவ கோத்திரம். அதற்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அதுவே. கோத்திரம் தெரியாதவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். என் தொழிலில் இதற்கு இயல்பு மதிப்பு என்று பெயர்: பெட்டியைக் காலியாக விட்டால் தானாக வந்து உட்கார்ந்துகொள்வது.

படி இறங்கும்போது பெரியப்பா கோப்பைக் கொடுத்தார். இணையதளத்தில் கேட்டிருந்த காகிதங்கள் ஐந்து. அவர் வைத்திருந்தவை பதினொன்று. நோட்டரி முத்திரை குத்திய உறுதிமொழிப் பத்திரமும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

"பேத்திய இந்தியாக்காரி ஆக்கிட்டுதான் வரணும் ஹேமா. நம்ம ரத்தம் அது."

"ஆங் பெரியப்பா."

"அப்பால, அவங்க அங்க இன்னா ஆளுங்கன்னு நைசா கேட்டுகினு வா. நெலபுலம் வெச்சிகினு இருக்கறவங்களா, இல்ல வேற மாதிரியா."

"சரி. கொழந்தைய ஊருக்கு எப்ப கூட்டிகினு வரச் சொல்றது?"

அவர் இரண்டு படி இறங்கி நின்றார். "அது இன்னாத்துக்கு இப்ப? நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். இஸ்கோல்ல சேக்கறப்ப சமூகம் இன்னான்னு கேப்பான், அதுல இன்னா எழுதுவே? கொஞ்ச நாளு போவட்டும்."

குடியுரிமை வேண்டும், குழந்தை வேண்டாம். தேவைகளை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளர் எனக்கு அலுவலகத்தில் கிடைத்ததில்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். சாப்பாட்டில் வந்த வெண்ணெயை எனக்குத் தள்ளிவிட்டு, என் ஊறுகாய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அப்படிப் பேச்சு தொடங்கியது. லெபனானிலிருந்து லைபீரியாவுக்குக் கடை வைக்கப் போன குடும்பம். தாத்தா போனார், அப்பா அங்கே பிறந்தார், இவரும் அங்கே பிறந்தார், இவர் பிள்ளைகளும் அங்கேதான். நான்கு தலைமுறையில் ஒருவரும் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை.

"ஏன்?"

"நான் கறுப்பன் இல்லையே," என்றார் ஊறுகாயை நக்கியபடி. "எங்கள் அரசியல் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கறுப்பினத்தவர், அவர்கள் வழி வந்தவர். அவ்வளவுதான். அடிமைகளாக இருந்து மீண்டவர்கள் எழுதிய சட்டம். காரணம் புரிகிறது. ஆனால் என் கடைக்கு வரி போடும்போது மட்டும் கறுப்பா வெள்ளையா என்று யாரும் பார்ப்பதில்லை."

பட்டியல் போடும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, எந்த நாடு யாரிடம் என்ன கேட்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். லைபீரியா: நிறம். மியான்மர்: உன் இனம் 1823க்கு முன்பே இங்கே இருந்ததா. ஜெர்மனி: பல தலைமுறைக்கு முன் ருஷ்யாவில் போய்க் குடியேறிய வம்சமானாலும், ஜெர்மானிய வழி என்று காட்ட முடிந்தால் வா. அயர்லாந்து: பாட்டி எங்கே பிறந்தாள். நம் நாடு இந்த மாதிரி எதுவும் கேட்பதில்லை என்று பெருமையாகத் தட்டச்சு செய்தேன். பிறகு நினைவுக்கு வந்தது. மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் நாம் மதம் கேட்கிறோம். சரியான மதமென்றால் வழி சுருக்கம். எங்கள் மாவட்டத்திலேயே முகாமில் பிறந்து வளர்ந்து தமிழில் தேர்வெழுதும் இலங்கைத் தமிழர்களின் நாடு அந்த மூன்றில் இல்லை. அந்த வரியை அழித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் மட்டோக்கே. வாழைக்காயை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்து மசித்தது. மேலே வேர்க்கடலைக் குழம்பு. நம் பக்கத்துக் களியைப் போல வாயில் நிற்காமல் இறங்குகிறது. அண்ணி மூன்றாவது முறையாகப் போட வந்தபோது அண்ணன் என்னிடம் தமிழில், "வேணாம்னு சொல்லாத. தட்டு காலியா இருந்தா போட்டுகினே இருப்பாங்க, வேணாம்னாலும் போட்டுகினே இருப்பாங்க. நான் ஐஞ்சு வருசமா வழி தேடிகினு கீறேன்," என்றான்.

அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "செங்கா" என்றாள். தந்தையின் சகோதரி என்று பொருள். அண்ணனுக்குச் சித்தப்பா மகள்தான் என்றாலும் அவர்கள் கணக்கில் நான் முழு அத்தைதான். நம் கணக்கிலும் அப்படித்தான். அவர்கள் ஊரில் செங்காவின் வார்த்தைக்கு எடை அதிகம் என்று அவள் சொன்னபோது, நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். எச்சரிக்கை என்று அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போடா போடாவில் போனேன். பயணிகளை ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கு அங்கே அதுதான் பெயர். யாரும் சிரிக்க வேண்டாம், நான் முதல் நாளே சிரித்து முடித்துவிட்டேன். அரக்கோணம் சாலையில் பங்கு ஆட்டோவின் ஓட்டுநர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து போய்ப் பழகியவளுக்கே மூச்சு நின்றது. ஊர் முழுக்க மலைகள். ஒவ்வொரு மலை உச்சியிலும் ஒரு மசூதியோ தேவாலயமோ அரண்மனையோ. உயரமான இடம் கிடைத்தால் சும்மா விடக் கூடாது என்பதில் உலகமே ஒத்துப்போகிறது.

மதியம் தெருமுனையில் முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்தார்கள். இது இப்போது அந்த நாட்டின் தேசிய உணவு மாதிரி. சப்பாத்தியைக் கொண்டுபோனவர்கள் நம் ஆட்கள், நூறு வருடத்துக்கும் முன்னால். சப்பாத்தி குடியுரிமை வாங்கிவிட்டது. கொண்டுபோனவர்களின் கதை வேறு.

அந்தக் கதையைச் செவ்வாய்க்கிழமை சொன்னவன் வாஸ்வா, அண்ணியின் அண்ணன். இருவரும் இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் இனத்தில் இரட்டையருக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. முதலில் பிறந்தது ஆண் என்றால் வாஸ்வா, பின்னால் வந்தது பெண் என்றால் நகாட்டோ. விதி எழுதிவைத்தாயிற்று. எனக்கு அந்த இனத்தை அப்போதே பிடித்துவிட்டது.

வாஸ்வா வாடகைக் கார் ஓட்டுகிறான். மாலையில் என்னை ஏற்றிக்கொண்டான். நவம்பர் மழையில் சாலை எது, குளம் எது என்று தெரியவில்லை. அவன் தெரியும் என்றான். அடுத்த நிமிடம் முன்சக்கரம் குழியில் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. தூக்கிவிட ஆட்கள் சேரும்வரை ஒரு பெண் ஜன்னலில் வாளியை நீட்டினாள். வாளி நிறைய வறுத்த வெட்டுக்கிளி. அந்தப் பருவத்தின் தின்பண்டம்.

"நீ வாங்கிக்கொள். நான் தொட மாட்டேன்," என்றான் வாஸ்வா. "நான் வெட்டுக்கிளிக் குலம். அது எனக்குச் சொந்தக்காரன்."

அவர்களிடம் ஐம்பதுக்கு மேல் குலங்கள். குரங்கு, காளான், சிங்கம், நுரையீரல் மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். உன் சின்னத்தை நீ உண்ணக் கூடாது. ஒரே குலத்தில் மணம் முடிக்கக் கூடாது. குலம் தந்தை வழி. பெயர்கூடக் குலத்துக்கென்று உள்ள பட்டியலிலிருந்துதான் வைக்க வேண்டும்.

"ஆனால் குடியுரிமைக்குக் குலம் எதற்கு?" என்று கேட்டேன்.

"இனம் முக்கியம். 1926 பிப்ரவரி முதல் தேதி எந்தெந்த இனங்கள் இந்த எல்லைக்குள் வாழ்ந்தனவோ, அவற்றின் பெயர்ப் பட்டியல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உன் தாய் தந்தையோ தாத்தா பாட்டியோ யாராவது ஒருவர் அதில் வந்தால் நீ பிறப்பால் குடிமகன்."

"அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தவன்?"

"சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்."

"இந்தியர்கள் அதற்கு முன்பே இங்கே இருந்தார்களே?"

"இருந்தார்கள். பட்டியலில் இல்லை. தங்களையும் ஓர் இனமாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

இந்தியர்கள். ஒரே இனமாக. திருத்தணியில் எங்கள் தெருவையே ஒரே இனமாகச் சேர்க்க முடியாது. கோயில் திருவிழாவில் யார் தேர்க் கயிற்றை முதலில் தொடுவது என்பதில் மூன்று வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. கடல் தாண்டி வந்ததும் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் இடம் கேட்கிறார்கள். வெட்டுக்கிளி மொறுமொறுவென்று இருந்தது. நான் தின்றதை வாஸ்வா துக்கத்தோடு பார்த்தான்.

1926ஐக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாத்தா சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவில் குடியிருந்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி காலையில் எழுந்தபோது அதே கட்டிலில் சென்னை மாநிலத்தில் இருந்தார். முட்டாள்கள் தினம். அவர் நகரவில்லை, கோடு நகர்ந்தது. இன்றைக்கும் வீட்டில் அப்பாவை நைனா என்றும் அக்காள் கணவரைப் பாவா என்றும் கூப்பிட்டுக்கொண்டு, தமிழுக்காக உயிரையும் கொடுப்போம் என்கிறோம்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில்தான் உண்மை வெளியே வந்தது. அண்ணன் தன் அப்பாவிடம் "ஆங் நைனா, இந்தியாதான்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தூதரகத்தில் நேரம் வாங்கியிருந்தான். மனைவியிடம் "சரி, உகாண்டாதான்" என்று சொல்லி, போன மாதமே அந்தப் பகுதி சேர்மனிடம் மனு கொடுத்திருந்தான். சேர்மனின் கடிதம் இல்லாமல் அடுத்த படி கிடையாது. நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. இரண்டு பக்கமும் ஆங் போட்டவன், எது முதலில் நடக்கிறதோ அது கடவுள் சித்தம் என்று இருந்திருக்கிறான்.

"சேர்மன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்," என்றாள் அண்ணி. "இவர் எழுதிக் கொடுத்ததால்."

மனுவின் நகலைக் காட்டினாள். 'தந்தையின் குலம்' என்ற பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்ப வேண்டும். அண்ணன் அழகான எழுத்தில் 'சிவ கோத்திரம்' என்று நிரப்பியிருந்தான். 'குலச்சின்னம்' என்ற பெட்டியில் 'மயில்'.

"மயில் எங்கேருந்துண்ணா வந்துச்சு?"

"நம்ம முருகன் வண்டிதானே. ஸ்டார் போட்டுகீது ஹேமா. காலியா வுட்டா திருப்பி அனுப்பிடுவான்னு பயம்."

கட்டாயப் பெட்டி வைத்தால் மக்கள் பொய் எழுதுவார்கள். தொலைபேசி எண் கேட்டால் பத்து ஒன்பதுகள் போடுவார்கள். பிறந்த நாள் தெரியாவிட்டால் ஜனவரி ஒன்று. இதையெல்லாம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் அண்ணனே என் தலைக்கு மேல் இப்படி ஒரு பிழையாக வந்து உட்காருவான் என்று எதிர்பார்க்கவில்லை.

சேர்மனின் வாதம் எளிமையானது. குழந்தை தந்தையின் குலத்தைச் சேர்ந்தது. தந்தைக்கு இந்தியாவில் மயில் குலம் என்று மதிப்பான ஒரு குலம் இருக்கிறது. ஆகவே குழந்தை அந்தக் குலத்துக்குச் சொந்தம். இன்னொருவர் குலத்துப் பிள்ளையை இங்கே பதிவது திருட்டு.

"சட்டம் தாய் ஒருத்தி போதும் என்கிறதே?" என்றேன்.

"அதைத்தான் நானும் சொன்னேன். 'சட்டம் சரிதான் மகளே, படிவம் தந்தையைக் கேட்கிறதே' என்றார். மேலே முறையிடலாம். மாதக்கணக்கில் ஆகும்." அண்ணி வள்ளியின் வாயைத் துடைத்தாள். "என் அப்பா முகோனோவில் எனக்கு ஒரு வாழைத்தோட்டம் விட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பிறகு அது இவளுக்கு. வெளிநாட்டுக்காரிக்கு இங்கே நிலம் சொந்தமாகாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். தாத்தா நட்ட வாழைக்கு இவள் குத்தகை கட்ட வேண்டுமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"செங்கா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. உங்கள் ஊரில் இவளுக்காகக் காத்திருப்பது யார் யார்?"

பட்டியல் என்றால் எனக்கு வாய் முந்தும். பெரியப்பா என்று ஆரம்பித்தேன். இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றவர். பெரியம்மா, குழந்தையின் புகைப்படத்தைக் கைப்பேசியில் பார்த்து முத்தம் கொடுத்துவிட்டு, யாராவது வந்தால் திரையை அணைக்கிறவர். என் பட்டியல் அதோடு நின்றது. இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்றேன்.

வியாழக்கிழமை மாலை சேர்மனைப் பார்க்கப் போனோம். அவர் அடுப்புக்கரி வியாபாரி. கரி மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். கரி வாங்க வந்த நான்கு பேர் வாங்கிய பிறகும் போகவில்லை. இலவசமாக ஒரு பஞ்சாயத்து கிடைத்தால் எந்த ஊரிலும் யாரும் போவதில்லை.

முதலில் வாஸ்வா எழுந்து தன்னை அறிவித்தான். தான் இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன் என்று மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டே போய், இன்ன கிளை, இன்ன வழி, வெட்டுக்கிளிக் குலம் என்று முடித்தான். கரி வாங்க வந்தவர்கள் தலையாட்டி அங்கீகரித்தார்கள். சேர்மன் அண்ணனைக் கூப்பிடவில்லை. "இவன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டான். தந்தையின் சகோதரி வந்திருக்கிறாள் என்றார்கள். செங்கா சொல்லட்டும். உன் பெயர்?"

"எம். ஹேமா."

"எம் என்றால்?"

"அப்பாவின் பெயர். முருகேசன்."

"அதை ஏன் ஒரே எழுத்தாக வைத்திருக்கிறாய்? மற்ற எழுத்துகள் எங்கே?"

"எங்கள் பக்கம் அப்படித்தான். அப்பாவுக்கு முன்னால் ஓர் எழுத்து, அது தாத்தா. சுப்பிரமணி. அவருக்கு முன்னால் ஓர் எழுத்து, வி."

"வி யார்?"

பதில் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் கரி மூட்டையைப் பார்த்தான். எங்கள் வம்ச வரலாறு மூன்றாவது படியில் ஒற்றை எழுத்தாகி, அதற்கு மேல் மேகமூட்டம். நான்கு பேரில் ஒருவர் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினார்.

"சரி," என்றார் சேர்மன். "நீங்கள் மயில் உண்பீர்களா?"

"மாட்டோம்."

"பார்த்தாயா." அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "சின்னத்தை மதிக்கிற குலம். நல்ல குலம்."

"ஐயா, எங்கள் நாட்டில் யாருமே மயில் உண்ண மாட்டார்கள். பிடித்தாலே சிறை."

"நாடு முழுவதும் ஒரே குலமா?" என்றார் அவர். உண்மையாகவே அதிர்ந்து போயிருந்தார். "பிறகு நீங்கள் யாரைத்தான் மணம் செய்கிறீர்கள்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மயில் குலம் நிற்கும். சேர்மன் கையெழுத்துப் போட மாட்டார். மறுநாள் பதினொரு மணிக்கு, என் பையில் உள்ள கோப்போடு எல்லோரும் தூதரகத்துக்குப் போவோம். பெரியப்பா சொன்ன வேலை முடிந்துவிடும். நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அண்ணனின் பொய்யைத் திருத்தாமல் இருந்தால் சரி. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. வள்ளி ஒரு கரித்துண்டை வாயில் போட்டுக்கொள்ள, அதை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சோதனையாளர். தவறான மதிப்பு என்று தெரிந்த பிறகு அதைத் தேர்ச்சி பெற விட்டதில்லை.

"அது எங்கள் குலம் இல்லை ஐயா," என்றேன். அர்ச்சனைச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். கோயிலில் அதைக் கேட்பார்கள், தெரியாதவர்கள் விழிப்பார்கள், அர்ச்சகர் நேரத்தை மிச்சப்படுத்த எல்லோருக்கும் ஒன்றையே சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். முன்னால் நின்றவருக்கும் அதுதான், பின்னால் நின்றவருக்கும் அதுதான்.

சேர்மன் மனுவை எடுத்து மறுபடி படித்தார். "அப்படியானால் அது குலம் இல்லாதவர்களுக்கான குலம்."

"ஆமாம்."

"மயில்?"

"அண்ணன் பயத்தில் எழுதியது."

"உங்களுக்குக் குலமே கிடையாதா? உன் தந்தையின் அண்ணன், இந்தக் குழந்தையின் தாத்தா, அவருக்கும்?"

"அவருக்கும் கிடையாது. சாதி இருக்கிறது. அது வேறு. அதில் யார் யாரோடு உண்ணக் கூடாது என்று இருக்கும். எதை உண்ணக் கூடாது என்று இருக்காது."

வாஸ்வா இதை அவர்கள் மொழியில் நால்வருக்கும் சொன்னான். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "மனிதரைப் பார்த்து ஒதுங்குவதற்கு வெட்டுக்கிளியைப் பார்த்து ஒதுங்கலாம்," என்றாராம். வாஸ்வா தயங்கித்தான் மொழிபெயர்த்தான்.

சேர்மனின் முகம் இளகிவிட்டது. இத்தனை நாளும் அவர் தடுத்தது ஒரு பெரிய குலத்தின் உரிமையைக் காப்பாற்ற. குலமே இல்லை என்று ஆன பிறகு அவருக்கு என்ன தடை? குலமில்லாதவன் பிள்ளையைத் தாய்மாமன் குலம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு வழி உண்டு என்றார். வாஸ்வா கையைத் தூக்கி எடுத்துக்கொண்டேன் என்றான். மயிலை அடித்துவிட்டு, நட்சத்திரக் குறி போட்ட பெட்டியில் சிவ கோத்திரத்தையும் அடித்துவிட்டு, சேர்மன் தன் கையால் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கரி படிந்த கட்டைவிரலோடு முத்திரையும் குத்தினார். அண்ணனின் முதுகில் தட்டி, "கவலைப்படாதே, நல்ல மனிதர்களுக்கும் இப்படி ஆவதுண்டு," என்றார்.

காரில் அண்ணன், "நைனாகிட்ட நீயே சொல்லிடு ஹேமா," என்றான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வள்ளி கேக்கில் கையை முழங்கைவரை விட்டுக்கொண்டிருந்தாள். தூதரகத்தில் வாங்கியிருந்த நேரத்தைக் காலையிலேயே ரத்து செய்தாயிற்று. நான் பின்கட்டுக்குப் போய்ப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு பெரியப்பா. உகாண்டா."

பின்னணியில் ஆர்.கே.பேட்டை பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏன்?"

சொன்னேன். வாழைத்தோட்டம், படிவம், மயில், சேர்மன் என்று வரிசையாக. கடைசியில், "நம்ம குலம் இன்னான்னு கேட்டதுக்கு இன்னா சொன்னே?" என்றார்.

"அப்டி ஒண்ணு இல்லன்னு சொல்லிட்டேன்."

"இல்லன்னா? எனக்குமா?"

"ஆங் பெரியப்பா. உங்களையும் சேத்துதான் கேட்டாங்க."

"அப்போ யார் யாரு இருந்தாங்க அங்க?"

"சேர்மன். அண்ணன், அண்ணி, அண்ணியோட அண்ணன். கரி வாங்க வந்தவங்க நாலு பேரு."

"நம்ம பக்கத்து ஆளுங்க?"

"யாரும் இல்ல."

நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப அவ ஃபாரின் சிட்டிசனா ஹேமா?"

"ஆங்."

"பாஸ்போட்டு எடுத்தா நம்ம சிங்கம் இருக்காது?"

"இருக்காது. அவங்க நாட்டுக் கொக்கு இருக்கும்."

"இங்க வந்தா, இன்னா சமூகம் ஏது சமூகம்னு எவனாவது கேப்பானா?"

"வெளிநாட்டுக்காரங்கள எதுக்குப் பெரியப்பா கேக்கப் போறாங்க?"

"அதானே," என்றார். குரல் சட்டென்று பெரிதாகிவிட்டது. "ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டிகினு வரச் சொல்லு. மூணு பேரையும். நம்ம தெருவுல யாருக்குகீது ஃபாரின் பேத்தி?"